வரப்பில் விட்ட செருப்பு

ஒளியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லென்ஸைப் பற்றிச் சொல்லித்தர உங்கள் கைப்பேசியே போதும். வயிற்றெரிச்சலைப் பற்றி மட்டும் இந்தத் தொழிலில் யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்தவர் படத்தைப் பார்த்து “சூப்பர்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மோர் குடிப்பார்கள். நான் நிறைய மோர் குடித்தவன். இப்போது கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனிமேல் போவதற்குப் பெரிய மானம் ஒன்றும் மிச்சமில்லை என்பதால், புதிதாகக் கேமரா தூக்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்துப் பிழைத்தவன். மரக்காணம் உப்பளங்கள்தான் என் வயல். என் படங்கள் ஓட்டல் அறைகளில் தொங்கின, காலண்டரில் வந்தன, ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் நாலு சுவரிலும் இருந்தன. பல் பிடுங்க வந்தவர்கள் என் சூரிய உதயத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடுங்கியிருப்பார்கள். என் படத்தில் ஒரு தூசியைக் காட்ட முடியாது. ஆள் போனால் அழிப்பேன். சைக்கிள் நின்றால் அழிப்பேன். ஒருமுறை ஒரு நாரையின் மூக்கு வளைந்திருந்தது, அதை நேராக்கினேன். அந்த நாரை என்மேல் வழக்குப் போடாதது அதன் பெருந்தன்மை.

மூன்று கோடைக்கு முன்பு இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு புதுக் கலைக்கூடம் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரே ஒரு பெரிய சுவர். அதில் ஒரே ஒரு படம், இந்த உப்பளத்தைப் பற்றியது. கூடத்தை நடத்தப்போகிற அம்மையார் பலருடைய படங்களைப் பார்த்துவிட்டு இரண்டு பேரை நிறுத்தினார். ஒருவன் நான். இன்னொருத்தி ஷமீம்.

ஷமீம் கோட்டக்குப்பத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவள். வெளிநாடு போகிறவர்களைப் பார்த்து “கண்ண மூடாதீங்க, கண்ண மூடாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே பல வருஷம் ஓட்டியவள். துபாயில் வேலை பார்க்கிற கணவன் ஒரு நல்ல கேமரா அனுப்பிவைத்தான். அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் உப்பளத்துக்குள் வந்துவிட்டாள். ‘என் உப்பளம்’ என்கிறேன் பாருங்கள். அங்கே எனக்கு ஒரு கைப்பிடி உப்புகூடச் சொந்தமில்லை.

அந்தச் சுவர் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் தொங்கியவனுக்கு அது கடைசி பஸ். ஏறாவிட்டால் நடந்துதான் போக வேண்டும்.

அம்மையாருக்கு ஒரு வழக்கம். எந்த இடத்தின் படமோ, அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களிடம் முதலில் காட்டிவிடுவார். உப்பு மூட்டை தைக்கிற கொட்டகையில் எங்கள் இரண்டு படங்களையும் சாய்த்து வைத்தார்கள். முதலில் வந்தவர் கஸ்தூரி அக்கா. அளத்தில் உப்பு வாருகிறவர். என் படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“நல்லா இருக்குது சார். எந்த ஊருங்க இது?”

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். படத்தில் இருந்தது அவர் தினமும் இறங்கி ஏறுகிற பாத்தி.

“ஒங்க பாத்திதாங்க்கா.”

“எங்க பாத்தியா?” மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். “அப்ப பம்புசெட்டு எங்க?”

“எடுத்துட்டேங்க்கா. கம்ப்யூட்டர்ல.”

“தண்ணிக் கொடம்?”

“அதையும்.”

“வரப்புல செருப்பு வுட்டிருப்பமே, அது?”

“அது பார்வைக்குக் கொஞ்சம் எடைஞ்சலா இருந்துதுங்க்கா.”

“செருப்பில்லாம நாங்க எப்பிடி வூட்டுக்குப் போய்ச் சேந்தோம்?”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் படமெடுத்திருந்தால் என் பற்கள் மட்டும் மிகத் துல்லியமாக வந்திருக்கும்.

உப்பளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. செருப்பை வரப்பின் தலைமாட்டில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் பாத்தியில் இறங்க வேண்டும். செருப்பு மண் பட்டால் விளைந்த உப்பு கறுத்துப்போகும். காலையில் போனால் பத்துப் பதினைந்து ஜோடி அங்கே கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அழிக்க நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஷமீமின் படத்தில் அந்தச் செருப்புகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. வரப்பில் வரிசையாகச் செருப்புகள், அதற்கு அப்பால் கண் கூசுகிற வெள்ளை. ஒரு செருப்பின் குதிகால் தேய்ந்து ஓட்டையாகி, ஓட்டை வழியாக மண் தெரிந்தது. கஸ்தூரி அக்கா அதன் முன்னால் வந்தார். நின்றபடியே வலது குதிகாலைத் தூக்கி, இடது கணுக்காலில் தேய்த்துக்கொண்டார். தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. என் வயிற்றில் யாரோ விறகு அடுக்கிப் பற்றவைத்தார்கள்.

நல்லவேளையாக அம்மையாருக்கு ஒரு தயக்கம் வந்தது. “வாசல் சுவத்துல செருப்ப மாட்டினா வர்றவங்க தப்பா நெனைப்பாங்க. ரெண்டு பேரும் இன்னொரு படம் கொண்டாங்க. பதினஞ்சு நாள் கழிச்சு இங்கயே பாத்துடலாம்” என்றார். அந்த நிமிஷம் உலகத்துச் செருப்புகள் எல்லாவற்றுக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

ஆனால் அந்தக் குதிகால் என்னை விடவில்லை. இத்தனை வருஷத்தில் என் படத்தைப் பார்த்து ஒருத்தராவது ஒரு விரலை அசைத்திருப்பாரா? “அழகு” என்று சொன்னார்கள், பணம் கொடுத்தார்கள், பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். படத்தில் உணர்ச்சி வர வேண்டுமென்றால் முதலில் எடுக்கிறவன் உடம்பில் வர வேண்டும் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. பயந்துபோனவன் எதையும் உடனே செய்வான். பிளாஸ்டிக் கேனில் அளத்து உப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டுக் கூடத்தில் பக்கெட்டில் ஊற்றி, காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா, கால் வலியா?”

“இல்ல. கலை.”

“அதுக்கும் டாக்டர் இருப்பாரு, கேட்டுப் பாருங்க.”

காலும் ஊறியது, கண்ணும் ஊறியது, படம் மட்டும் ஊறவில்லை. அடுத்த யோசனையை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஷமீம் எப்படி எடுக்கிறாள் என்று ஒளிந்திருந்து பார்ப்பது.

வாரிய உப்பைக் கரையில் குவித்துத் தென்னங்கீற்று போட்டு மூடிவைப்பார்கள். அப்படி ஒரு குவியலுக்குப் பின்னால் மூன்று நாள் காலையில் குந்தியிருந்தேன். தொழிலில் பெயர் எடுத்தவன், வயது ஐம்பத்துச் சொச்சம், தலையில் கீற்றுத் துரும்பு. அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. புர்காவை முழங்கால்வரை சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி அக்காவின் தூக்கிலிருந்து கூழ் வாங்கிக் குடித்தாள். ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். யாருக்கோ மாமியார் சண்டை, அதை முழுசாகக் கேட்டாள். மூன்று நாளும் இதேதான். படமே எடுக்காமல் இவ்வளவு நேரம் இருக்கிறாள் என்றால் எவ்வளவு பெரிய படத்துக்கு அடிபோடுகிறாள்!

நான்காம் நாள் அவளுக்கு முன்னால் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். சேற்றுக்கென்றே புது ஷூ வாங்கியிருந்தேன். அது முதல் நாளே வலது குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியிருந்தது. பொழுது வெளுப்பதற்கு முன் அளத்துக்குள் நுழைந்தேன். வண்டிகளை நிறுத்துகிற இடத்தில் வேலையாட்கள் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கஸ்தூரி அக்காவின் பாத்தி விளைந்து, அன்றைக்கு வாருவதற்குத் தயாராகக் கிடந்தது. முதல் வெளிச்சத்தில் அந்த வெள்ளை, லேசாக ஊதா கலந்து, யாரும் தொடாத பால் ஏடு மாதிரி இருந்தது. இன்னும் நான்கடி உள்ளே போனால் வானமும் உப்பும் சரியாக ஒட்டும்.

போனேன். ஷூவோடு.

திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளைப் பாத்தியில் ஏழு கறுப்புத் தடங்கள், கட்டம் கட்டமாக, ஷூவின் அடியில் இருந்த முத்திரைகூடத் தெரிகிற மாதிரி. உங்களுக்குச் சொல்கிறேன், அந்தத் துல்லியம் என் எந்தப் படத்திலும் வந்ததில்லை. நான் என்ன செய்தேன்? மன்னிப்புக் கேட்க ஓடினேன் என்று எழுத ஆசைதான். கீற்றுக் குவியலுக்குப் பின்னால் ஓடினேன்.

“யாருடா அது பாத்தில பூட்ஸோட நடந்தவன்?” கஸ்தூரி அக்காவின் குரல் அடுத்த அளம் வரைக்கும் கேட்டிருக்கும். “ஏம்பா, திருடன் வந்தாகூட செருப்ப வுட்டுட்டுத்தானே எறங்குவான்!”

யாரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. அந்த அளம் முழுக்க ஷூ போட்ட ஆள் நான் ஒருவன்தான். தடம் குவியலுக்குப் பின்னால்வரை வந்து முடிந்தது. அக்கா சுற்றிக்கொண்டு வந்து, என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், என் தலைக்கு மேலே கடல் பக்கம் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார்.

கடலிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கோடை மழை. அதன் அர்த்தம் எனக்கும் தெரியும். விளைந்து பாத்தியில் கிடக்கிற உப்பின்மேல் மழை விழுந்தால் அத்தனையும் கரைந்து தண்ணீர். அதற்குள் வாரிக் கரையேற்றினது மட்டும்தான் மிச்சம்.

சத்தம் போட வேண்டிய தேவையே இல்லாமல் எல்லோரும் ஓடினார்கள். செருப்புகள் வரப்பில் பறந்து விழுந்தன. நீளக் கைப்பிடி போட்ட பலகைகள் பாத்திகளில் இறங்கின. வானம் மை மாதிரி, கீழே வெள்ளை, நடுவில் சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள். என் வாழ்க்கையில் இப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. அந்தச் சுவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

கேமராவுக்கும் என் கண்ணுக்கும் நடுவில் ஒரு மரப்பலகை வந்து நின்றது.

“அத்த அப்பால வெய்யி” என்றார் கஸ்தூரி அக்கா. “நீ மிதிச்ச பாத்தி. நீதான் வாரணும். ஷூவ கழட்டு மொதல்ல.”

அப்போது என் மனிதாபிமானம் பொங்கியது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அக்காவைக் கண்டு பயம். வைத்தேன், கழற்றினேன், இறங்கினேன். கொப்புளம் உடைந்த குதிகால் உப்புத் தண்ணீரில் பட்டதும் என் வாயிலிருந்து வந்த சத்தம் எந்த மொழியிலும் கிடையாது. பக்கெட்டில் ஊறியபோது இது வரவில்லை. உப்பு, எரிகிற இடத்தைத் தேடிப் பிடித்துக் கடிக்கிறது. காலைத் தூக்கினால் காற்று பட்டு இன்னும் எரிகிறது. கீழே வைத்தால் உப்புக்கல் குத்துகிறது. இதன்மேல்தான் இவர்கள் தினமும் நிற்கிறார்கள்.

“வலிக்கிதா?” என்றார் அக்கா, வாருவதை நிறுத்தாமல்.

“எரியிதுங்க்கா.”

“எரியும். இழு.”

மிதிபட்ட உப்பைத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்றதை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வரப்பில் ஷமீம். செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்தாள். கையில் கேமரா. என் வெளிச்சம், என் மேகம், என் சுவர், எல்லாவற்றையும் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் பலகை இழுக்கிறேன். கீழே குதிகாலும் மேலே வயிறும் எரிந்தன. எது அதிகம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், வயிறு.

இதில் இன்னொரு கொடுமை. அவள் எடுத்தது நான்கைந்து படம்தான். உடனே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கரையில் உப்புக் கொட்ட வந்துவிட்டாள். நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிட இடைஞ்சல் கிடையாது.

மழை விழுந்தபோது பாதிக்கு மேல் கரையேறியிருந்தது. மிச்சம் எங்கள் கண் முன்னால் பாத்தியில் கரைந்து போனது. கீற்றை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் நனைந்துகொண்டே நின்றோம். என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

இப்போதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம் வருகிறது. இதுவரை சொன்னதெல்லாம் வழி.

இரண்டு நாள் கழித்து மரக்காணம் டீக்கடையில் ஷமீம் எதிரே வந்து உட்கார்ந்தாள். கைப்பேசியை நீட்டினாள். “அண்ணே, நீங்க இதுல பெரிய ஆளு. இந்த ரெண்டுல எத்த பிரிண்ட் போடட்டும்? சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்.”

முதல் படம் நான் எடுத்திருக்க வேண்டிய படம். மேகம், வெள்ளை, சேலை நிறங்கள், எல்லாம் கத்தி மாதிரி கூர்மை. யாரும் குறை சொல்ல முடியாது. “சூப்பர்மா” என்றேன்.

இரண்டாவது படம் சாய்ந்திருந்தது. வானமே இல்லை. மழைக்கு முந்தின இருட்டில் கலங்கின பாத்தித் தண்ணீர், சில கால்கள், ஒரு பலகையின் ஓரம். நடுவில் ஒரு குதிகால் தண்ணீரைவிட்டு மேலே துள்ளி எழுந்திருந்தது. சாக்ஸ் போட்ட இடம் மட்டும் வெளுத்து, மேலே கறுத்த கால். குதிகாலில் சிவப்பாக ஒரு புண். அது லேசாக அசைந்து கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தில்தான் எரிச்சல் இருந்தது. கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

ஒரு வாய்ச்சொல். அவ்வளவுதான். அவளுக்கு என் கண்மேல் நம்பிக்கை. முதல் படத்தைச் சொன்னால் அவள் என்னை மாதிரி ஒரு படத்தோடு வருவாள். என்னை மாதிரிப் படத்தை என்னைவிட நன்றாக எடுக்க இந்தக் கரையில் ஆளில்லை. பழைய சரக்கில் ஒன்றை எடுத்துப் போட்டால்கூடச் சுவர் எனக்குத்தான்.

“மொத படம்தான்” என்றேன். “ரெண்டாவது ஷேக் ஆயிருக்குது. சாஞ்சிருக்குது. கால் யாருதுன்னுகூடத் தெரியல.”

“சரிண்ணே” என்றாள்.

பைக்கை எடுத்தேன். ஈசிஆர் சாலையில் காற்று நன்றாக அடித்தது. ஜெயித்தவனைப் போல வண்டி ஓட்டினேன். ஆனால் பிரேக் வலது காலில் அல்லவா இருக்கிறது? ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் புண் ஷூவில் உரசியது. மாடு குறுக்கே வந்தது, எரிந்தது. பஸ் நின்றது, எரிந்தது. அந்தப் படத்தில் இருந்த எரிச்சல், அதே இடத்தில், அதே அளவில். எடுத்தவளுக்குப் புண் இல்லை. ஆனாலும் எப்படிப் பிடித்தாள்? பிடித்ததை நானே என் வாயால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அனுமந்தை கிராமம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். நாரையின் மூக்கை நேராக்கினேன், செருப்புகளை அழித்தேன், இப்போது என் காலையே அழித்துவிட்டு வந்திருக்கிறேன். திருப்பினேன்.

அவள் இன்னும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். “ரெண்டாவது! ரெண்டாவது படம்! மொதல்ல சொன்னது பொய்!”

ஷமீம் நிதானமாகச் சிரித்தாள். “அதைத்தான் அனுப்பிட்டேன்ணே, அப்பவே.”

“அப்பவேவா?”

“மொத படத்துக்கு வாய் நெறைய சூப்பர்னீங்க. ரெண்டாவதப் பாத்ததும் டீய கீழ வெச்சிட்டீங்க. மூஞ்சி சுண்டைக்கா வத்தலாட்டம் ஆயிடுச்சு. அதுக்கு மேல இன்னா வேணும்?”

“அப்ப எதுக்கு என் வாயக் கெளறின?”

“சும்மாதான். வாய் இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்னு.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா திரும்பி வருவீங்கன்னு நான் நெனைக்கலண்ணே.”

தம்பி தங்கைகளே, பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. என்னாலேயே முடியாததை உங்களிடம் ஏன் கேட்க வேண்டும்? நான் சொல்வது ஒன்றுதான். எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று உங்கள் படிப்பும் அனுபவமும் ஆயிரம் பொய் சொல்லும். வயிறு சொல்லாது. அது எரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான் நிற்காமல், மோர் குடித்தே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். அன்று வீட்டுக்குப் போய் என் படங்களையெல்லாம் கடை பரப்பி, வேறு யாராவது எடுத்திருந்தால் எனக்கு வயிறு எரிந்திருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வயிறு மிகவும் குளிர்ச்சியாக இருந்தது.

பதினைந்தாம் நாள் கொட்டகையில் மறுபடியும் இரண்டு படங்களைச் சாய்த்து வைத்தார்கள். என்னுடையது ஒரு பழைய சூரிய உதயம். “நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்தார்கள். ஷமீமின் படத்துக்கு முன்னால் கூட்டம் நின்றுவிட்டது. கஸ்தூரி அக்கா விரலை நீட்டி ஒவ்வொரு காலாக அடையாளம் சொன்னார். “இது என் காலு. இது பச்சையம்மா, மெட்டியப் பாரு.” விரல் நடுவில் வந்து நின்றது. துள்ளி நின்ற அந்தக் குதிகாலைப் பார்த்து அவர் பல்லைக் கடித்து “ஸ்ஸ்” என்றார். பின்னால் நின்ற இரண்டு பேரும் “ஸ்ஸ்” என்றார்கள். அம்மையார் அதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த பேனாவை மூடினார். சுவர் ஷமீமுக்கு என்று முடிவாகிவிட்டது எனக்குப் புரிந்தது.

அக்கா தலையைச் சாய்த்து அந்தக் காலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு முகத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“எந்த ஊரு காலுங்க இது?”

கொட்டகை மறுபடியும் சிரித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஷமீம் குனிந்து என் காலைக் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் வலது குதிகால் தரையில் இல்லை.